தெற்கே விட்ட செருப்பு

என் மாமாவுக்கு யோசனை வருவதெல்லாம் சாப்பிடும்போதுதான். குளிக்கும்போது வராது, படுத்திருக்கும்போது வராது. தட்டில் சோறு விழுந்து, அம்மா எதிரில் உட்கார்ந்து ரசத்தை ஊற்றிக்கொண்டே ஏதாவது பேச ஆரம்பித்தால் போதும், மாமாவின் கை பாதியில் நின்றுவிடும். கண் சுவரில் எங்கேயோ போய் ஒட்டிக்கொள்ளும். "அக்கா!" என்று ஒரு கத்து கத்துவார். ஒரு புதுத் தொழில் பிறந்துவிட்டது என்று அர்த்தம். ரசத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கணக்குப் பரீட்சை அன்று மூன்று டம்ளர் ரசம் குடித்துவிட்டுப் போனேன். வாங்கின மார்க்கை இங்கே சொல்வதாக இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பி.காம். முடித்துவிட்டு எங்களோடு ஸ்ரீரங்கத்தில் இருந்தார். தெற்குச் சித்திரை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கீழ்ப்போர்ஷன் எங்களுடையது, மாடியில் வீட்டுக்கார மாமி. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. காலையில் சங்கு ஊதுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு கவலை இல்லாத மனிதர். அவருக்கு ஒரு மச்சான் வாய்த்தது விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமா அதற்கு முன்னால் செய்த தொழில்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒருநாள் அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, "பாவம்டா, அத்தான் சைக்கிள் பஞ்சராயிட்டா ஷிப்ட் முடிஞ்சு வெயில்ல தள்ளிக்கிட்டுப் போயி கடை தேடுறாரு. உள்ள வேலை பார்க்குற நேரம் பூரா அந்த சைக்கிள் வெளிய சும்மாதானே நிக்குது?" என்றாள். மாமாவின் கை நின்றுவிட்டது. மறுநாளே காற்றடிக்கும் பம்ப், எண்ணெய் டப்பா, பஞ்சர் சாமான் சகிதம் ஒர்க்‌ஷாப் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். ஆட்கள் உள்ளே வேலை பார்க்கட்டும், அதற்குள் சைக்கிள் வெளியே ரெடியாகிவிடும். அருமையான யோசனைதான். முதல் வாரம் அப்பாவே பெருமையாகத்தான் பேசினார். ஒருநாள் மாமாவுக்கு உற்சாகம் அதிகமாகி, நன்றாகத் துடைத்து எண்ணெய் போட வேண்டும் என்று எல்லா சைக்கிளையும் வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். எடுத்தவர் எங்கே எது நின்றது என்று பார்த்துக்கொள்ளவில்லை. கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு, போதாக்குறைக்குச் சீட்டுகளையும் ஒரே உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார், பார்வைக்கு அழகாக இருக்குமாம். சாயங்காலம் சங்கு ஊதியது. அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். அத்தனையும் கறுப்பு சைக்கிள், அத்தனையும் பளபள, அத்தனையும் ஒரே உயரம். பொன்மலையே அன்று சைக்கிள் தேடியது. அப்பா வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. வந்ததும் வேறு யாருடைய சைக்கிளிலோ.

"இதுதான் கடைசி, மச்சான்" என்றார் அப்பா, சட்டையைக் கூடக் கழற்றாமல். "தை பொறக்கிறதுக்குள்ள நீங்களா ஒரு வழி பண்ணிக்குங்க. இல்லைன்னா திருப்பூர்ல என் சிநேகிதன் பனியன் கம்பெனி இருக்கு, பேசாம போயிருங்க. இனிமே யோசனை கீசனைன்னு என் காதுல விழக் கூடாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் ஸ்கூல் பையில் தண்ணீர் பாட்டில் கவிழாமல் நிற்க ஒரு தடுப்பு தைத்துக் கொடுத்தவர் அவர். மழைக்காலத்தில் கொடியில் காயாத சீருடையைக் குக்கர் ஆவியைக் கொண்டு சூடாக்கிக் காட்டியவர் அவர். அந்தத் தடுப்பை உண்மையில் தைத்தது அம்மா. குக்கரை இறக்கி வைத்துக் கொடுத்ததும் அம்மா. ஆனால் ஒரு குழந்தை அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா? செய்து காட்டிச் சத்தம் போட்டவர் மாமாதானே!

 அன்று மாமாவுக்குச் சோறு போடும்போது மட்டும் அம்மா குண்டானை நங்கென்று கீழே வைத்தாள். தம்பி மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அது கார்த்திகை மாதம். அடுத்து மார்கழி, வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்றைக்கு உலகமே எங்கள் ஊருக்கு வந்துவிடும். சொர்க்கவாசல் வழியாக ஒருமுறை போய்வர வேண்டும் என்று ஊர் ஊராக பஸ் பிடித்து வருவார்கள். அந்த வருஷங்களில் தெற்கு வாசல் பக்கமாக உள்ளே போகிற கூட்டம் பெரும்பாலும் வடக்குப் பக்கமாகத்தான் வெளியே வந்து விழும். கால் செருப்பு மட்டும் தெற்கிலேயே கிடக்கும். ஒரு வீதி, இரண்டு வீதி இல்லை, கோயிலையே பாதி சுற்றி வந்து எடுக்க வேண்டும். வந்து பார்த்தால் அந்த மலையில் நம்முடையது எது என்று தெரியாது. ஒன்று கிடைத்தால் இன்னொன்று கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் நம் ஜனங்கள் கலங்க மாட்டார்கள். "போகட்டும், பீடை விட்டுது" என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறிவிடுவார்கள். கோயிலில் செருப்பு தொலைந்தால் அதோடு நம் கெட்ட காலமும் தொலைந்தது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு.

அம்மா அதைத்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். போன வருஷம் வடக்கு வாசலில் இறங்கி வெறுங்காலோடு சுற்றி வந்ததில் கால் வீங்கிப்போனதைச் சொல்லிவிட்டு, "நாம உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள நம்ம செருப்பும் சுத்திக்கிட்டு வடக்கு வாசலுக்கு வந்து நின்னா எவ்வளவு நல்லாருக்கும்!" என்று சிரித்தாள்.

மாமாவின் கை ரசத்திலேயே நின்றது.

"அக்கா!"

"ஐயையோ, ஆரம்பிச்சிட்டாருடா" என்று அப்பா தட்டோடு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் எங்கள் சிமென்ட் தரை முழுக்கச் சாக்கட்டியால் கோயிலும் வீதிகளும் வரையப்பட்டிருந்தன. தெற்கு வாசலில் ஒரு குடை நட்டு செருப்பு வாங்குவது. மூட்டை மூட்டையாகக் கட்டி ட்ரைசைக்கிளில் ஏற்றி வீதி வழியாக வடக்கு வாசலுக்கு அனுப்புவது. தரிசனம் முடிந்து வெளியே வரும்போது செருப்பு அங்கே தயாராக நிற்கும். மாமா எனக்கு இதை விளக்கியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. இவ்வளவு பெரிய மூளைக்காரரையா திருப்பூருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

டோக்கன் விஷயத்தில்தான் இடித்தது. நம்பர் போட்ட அட்டை அடிக்கலாம் என்றார் மாமா. அம்மா அப்போது கைப்பிடித் துணிக்காகப் பழைய புடவை ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "பட்டிக்காட்டுலேருந்து வர்ற வயசானவங்களுக்கு நம்பர் எங்கடா ஞாபகம் இருக்கும்? அட்டையைக் கூட்டத்துல யாரு பத்திரமா வச்சிருப்பா? இப்பிடி ஒரு துண்டைக் கிழிச்சு, பாதியைச் செருப்புல கட்டு, பாதியை அவங்க கையில கட்டிவிடு. கிழிச்ச துணி அதோட பாதிகூடத்தான் சேரும், வேற எது கூடவும் சேராது" என்றாள். கிழித்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். நூல் நூலாகப் பொருந்தியது. "ஒரு மூட்டைக்கு ஒரே கலர் பொடவை. அப்பத் தேடுறதும் சுலுவு."

மாமா இரண்டு துண்டுகளையும் வாங்கிப் பிரித்துப் பிரித்துச் சேர்த்துப் பார்த்தார். "எப்படிக்கா?" என்றார். "எப்படின்னா என்ன, கண்ணு இருக்கில்ல" என்று சொல்லிவிட்டு அம்மா உலை கொதிக்கிறதென்று போய்விட்டாள்.

மஞ்சள் புடவை ஒன்று, கிளிப்பச்சை ஒன்று. மூன்றாவதுக்குப் பழையது இல்லை. பெட்டியைத் திறந்து கத்தரிப்பூ நிறப் புடவையை எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது, இன்னும் இரண்டு தீபாவளி தாங்கும். "இது வேண்டாம்க்கா" என்றார் மாமா. அம்மா பல்லால் ஓரத்தைக் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. இரண்டு நாள் ராத்திரிச் சமையலை முடித்ததும் உட்கார்ந்து கிழித்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்துக்குப் போகும்போது கூட அம்மாவை நான் அப்படிப் பார்த்ததில்லை.

ஏகாதசி அன்று எங்களுக்கெல்லாம் ஸ்கூல் லீவு. விடிவதற்கு முன்னாலேயே மாமாவும் நானும் குடையை நட்டுவிட்டோம். "தெற்கே விடுங்க, வடக்கே வாங்குங்க!" என்று மாமா கூவியதும் முதலில் சிரித்தவர்கள், விஷயம் புரிந்ததும் வரிசையில் நின்றார்கள். மாமா செருப்பில் துணியைக் கட்ட, நான் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். சில பேர் நான் கட்டும்போது கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் மரியாதையாக இருந்தது. பொழுது நன்றாகப் புலர்வதற்குள் மூட்டைகள் நிறைந்துவிட்டன. கத்தரிப்பூ மூட்டையின் மேல் நான் ஏறி உட்கார்ந்துகொள்ள, ட்ரைசைக்கிள் ராஜ ஊர்வலம் போலக் கிளம்பியது.

முதல் திருப்பத்திலேயே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். இன்றைக்கு வீதிக்குள் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை என்றார். எங்கள் மாமா வழியை ஒத்திகை பார்க்காமல் இல்லை. பார்த்தது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும், ஏகாதசி அன்று வீதியில் மாட்டு வண்டி கூடப் போகாது என்று. எனக்கும்தான் தெரியும். ஆனால் மாமா ஒன்று சொல்கிறார் என்றால் அவருக்கு வேறு கணக்கு இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

அடையவளஞ்சான் வீதிப் பக்கமாகச் சுற்றினோம். அங்கே கூட்டம் இன்னும் அதிகம். ட்ரைசைக்கிள்காரர் இறங்கித் தள்ளினார், மாமா பின்னால் தள்ளினார், நான் மேலே உட்கார்ந்து "வழி, வழி" என்று கத்தினேன். வடக்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. நாங்கள் அனுப்பிவைத்த ஜனமெல்லாம் எப்போதோ வெளியே வந்து, தேடி, திட்டி, கலைந்து போயிருந்தது. காத்திருந்த கொஞ்சம் பேர் மாமாவைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்கள். ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "செருப்புத் திருடவும் ஒரு ஸ்கீமாடா?" என்றார். மாமா திருடரில்லை என்று நான் மூட்டை மேலிருந்து அழுதுகொண்டே கத்தினேன். கத்தரிப்பூத் துணியும் கத்தரிப்பூத் துணியும் சேர்ந்து, அவருடைய செருப்பு அவரிடமே வந்த பிறகுதான் காலரை விட்டார். அப்படிச் சேர்ந்தது கொஞ்சம்தான். மூன்று மூட்டையும் கிட்டத்தட்ட அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தன.

மூட்டைகள் வாசலில் இறங்கியதும் மாடியிலிருந்து வீட்டுக்கார மாமி எட்டிப் பார்த்தாள். "என்னடி இது! ஊர்ல இருக்கறவா பீடையெல்லாம் மூட்டை கட்டி ஆத்து வாசல்ல எறக்கி வெச்சிருக்கேளே! அதுவும் ஏகாதசி அன்னிக்கு! ரங்கநாதா!" என்று அலறினாள். அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்பா லீவு போட்டிருந்தார்.  மூட்டைகளை ஒருமுறை பார்த்தார், மாமாவின் கிழிந்த காலரைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல முத பஸ், திருப்பூர். பேச்சே இல்லை" என்றார்.

 மாமா உள்ளே வந்து தன் சட்டை துணிமணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தார். நான் உட்கார்ந்து பையைப் பிடித்துக்கொண்டேன். "விடும்மா கண்ணு, அத்தான் சொல்றது நியாயந்தான்" என்றார். நான் விடவில்லை.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். விரத நாள், சோறு கிடையாது, உப்புமாதான். மாமாவுக்கு இறங்கவில்லை. அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.  பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"செருப்பு போச்சுன்னாலும் ஜனங்க ஊருக்குத் திரும்பித்தானே ஆகணும்? துறையூர்க்காரங்க, முசிறிக்காரங்க, லால்குடிக்காரங்க, எல்லாரும் எங்க போயி பஸ் ஏறுவாங்க?"

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"வந்த கையோட போயிட மாட்டாங்க. மலைக்கோட்டை பார்ப்பாங்க, கடைத்தெருவுல சாமான் வாங்குவாங்க. வெறுங்காலோட சாயந்தரம் அங்கதான் வந்து நிப்பாங்க. கையில நம்ம துணி இருக்கும்."

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு!" என்று மாமா கத்தினார். உப்புமாத் தட்டு உருண்டு ஓடியது. உப்புமாவில் கூட வேலை செய்கிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அம்மா பின்கட்டுக்கு ஓடினாள். ஈரத் துணிகளை அப்படியே அள்ளித் திண்டில் போட்டுவிட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். "கீழ குமிச்சுப் போடாத. யாரும் குனிஞ்சு தேட மாட்டாங்க. கயித்துல மாட்டு, ஒரு கலர் ஒரு பக்கம். தூரத்துலேருந்தே தெரியணும்" என்றாள். "நீயும் வாக்கா" என்றார் மாமா. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வேலை கெடக்கு, நீங்க போங்க" என்றாள் அம்மா.

ஆற்றைத் தாண்டித் திருச்சியில் இருக்கிற சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சுவரோரமாகக் கயிறு கட்டி ஜோடி ஜோடியாகச் செருப்பை மாட்டினோம். மஞ்சள் ஒரு வரிசை, பச்சை ஒரு வரிசை, கத்தரிப்பூ ஒரு வரிசை. தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழாத் தோரணம் தோற்றுவிடும். மாமா கண்டக்டர் மாதிரி குரலை உயர்த்தினார். "கையில மஞ்சத் துணி கட்டினவங்க இப்படி வாங்க! பச்சைத் துணி இப்படி! கத்தரிப்பூ, கத்தரிப்பூ, கத்தரிப்பூ!"

முதலில் ஒரு அம்மா வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். கயிற்றில் தன் செருப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "ஏங்க, இங்க வாங்க, நம்ம செருப்பு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்குதுங்க!" என்று புருஷனைக் கூப்பிட்டுச் சிரித்த சிரிப்பில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கேட்க வேண்டுமா! பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தார்கள். கண்டக்டர்கள் விசில் ஊதாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காலையில் திட்டியவர்களே மாமாவின் முதுகில் தட்டினார்கள்.

துறையூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு துணியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இதை மட்டும் கேக்காதீங்க தம்பி. சொர்க்கவாசல்ல போறதுக்குக் கட்டின காப்பு."

"ஐயா, அது எங்க அக்கா பொடவைங்க."

"எதுவா வேணா இருக்கட்டும். இதோடதானே உள்ள போயிட்டு வந்தேன்? கொண்டுபோயி சாமி படத்துல கட்டணும்."

அவர் சொன்னதைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்களும் அவிழ்க்க மாட்டேன் என்றார்கள். வீட்டுக்கு வந்து நான் இதை அம்மாவிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "என் பொடவை சொர்க்கவாசலுக்குப் போயிட்டு வந்திருச்சு, நான்தான் இந்த வருஷம் போகலை" என்றாள். எனக்கும் அது நல்ல வேடிக்கையாகப் பட்டது.

கயிறு காலியாகிக்கொண்டிருந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ரொம்ப நேரமாக ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து கோயில் கோயிலாக டூர் பஸ் விடுகிறவர். அவர் கூட்டி வந்த ஜனங்களும் காலையில் எங்களிடம் செருப்பு கொடுத்தவர்களாம். மாமாவிடம் என்னென்னவோ கேட்டார். பிறகு எங்களோடே கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அப்பா பதறியடித்துக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா காபியோடு வந்தாள். வந்தவர் கையில் கத்தரிப்பூத் துண்டு ஒன்று இருந்தது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட்டை இல்லை, நம்பர் இல்லை. படிக்கத் தெரியாதவன் கூடத் தொலைக்க மாட்டான். நான் இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்குத் தோணலைங்க. அப்புறம், தப்பு நடந்துபோச்சுன்னதும் ஓடி ஒளியாம ஜனங்க எங்க வந்து நிப்பாங்கன்னு கணக்குப் போட்டிருக்கு பாருங்க, அதுதான் மூளை. யாருங்க இதை யோசிச்சது?"

மாமா எழுந்து நின்றார். "இல்லைங்க, இது எங்க அக்கா..." என்று ஆரம்பித்தார்.

"காபி ஆறுது, குடிடா" என்றாள் அம்மா. பிறகு வந்தவரைப் பார்த்து, "அவன்தாங்க. சின்னப் புள்ளையிலேருந்தே அப்படித்தான், எப்பப் பாரு ஏதாவது யோசிச்சுக்கிட்டே இருப்பான்" என்றாள்.

"ஆமா! பொன்மலைல எல்லா சைக்கிளையும் எங்க மாமாதான் ஒரே மாதிரி ஆக்கினாரு!" என்று நானும் சேர்ந்துகொண்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் ஆபீஸுக்கு இப்படி ஒரு ஆள்தான் வேண்டும், பொங்கல் கழிந்ததும் மெட்ராஸ் வந்துவிடுங்கள் என்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா மறுநாளே மாறிவிட்டார். "என் மச்சான் மூளைக்குத் திருப்பூரெல்லாம் பத்தாதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டுக்கார மாமி தன் பேரனுக்கு ஸ்கூல் புராஜெக்ட் செய்ய மாமாவிடம் யோசனை கேட்டு அனுப்பினாள். மாமாவுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

எனக்கு வயதாகி, எனக்கென்று ஒரு அடுப்படி வந்த பிறகுதான் இதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வர ஆரம்பித்தது. அம்மாவுக்குப் பத்தாவதோடு படிப்பு நின்றது. அவள் வாசல் தாண்டுவது கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும். தலைக்குள் இவ்வளவும் ஓடிக்கொண்டிருந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்? அப்பா தட்டோடு எழுந்து போய்விடுவார். எனக்கு விளையாட்டு. கேட்பதற்கு ஒரு ஆள், கேட்டதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவதற்கு ஒரு ஆள், அந்த ஒருவரைத்தான் எதிரில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டே சோறு போட்டு வைத்திருந்தாள். திருப்பூருக்குப் போகாமல் அவரைக் காப்பாற்றப் போய், அவளே அவரை மெட்ராஸுக்கு அனுப்பும்படி ஆயிற்று.

தை பிறந்து மாமா கிளம்பினார். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அப்பா சூட்கேஸை மேலே ஏற்றிவிட்டு, மாமாவுக்கு வழியில் தின்ன வாழைப்பழம் வாங்கப் போனார். மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அக்கா, அங்க போயி நான் என்னக்கா பண்ணுவேன்?" என்றார்.  "அவரு கேட்டா எனக்கு என்ன தெரியும்?"

"பழகிடும் போடா. கண்ணைத் தொறந்து பாரு, எல்லாம் வரும்."

"உனக்கு ஏதாவது தோணுச்சுன்னா மாமி வீட்டுலேருந்து போன் பண்ணுக்கா. சின்ன விஷயமா இருந்தாலும் பண்ணு."

"எனக்கு என்ன தோணப்போகுது" என்றாள் அம்மா.

பஸ் நகர்ந்தது. மாமா கையை ஆட்டினார், நான் ஓடி ஓடி ஆட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் அடங்காத அழுகை. அம்மா அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா. மாமா சித்திரைக்கு வந்துருவாரும்மா. தேருக்கு வரேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு."

"வருவான்டி. அவன் வருவான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள். மாமா திரும்பி வரத்தான் போகிறார் என்று தெரிந்திருக்கும்போது வேறு எதற்காக ஒருத்தி இப்படி அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.